லண்டனிலிருந்து பெர்லினுக்கு மூன்று வண்டிகளில்: ஒரு குடும்பப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 மே மாதத்தின் கடைசி வாரம். லண்டனில் வசிக்கும் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் பெர்லினுக்குப் போக வேண்டியிருந்தது. 67 வயது அம்மா, அவருடைய மூத்த மகள், மகளின் 9 வயதுப் பையன். பெர்லினில் இருக்கும் இளைய மகளின் குழந்தைக்கு சனிக்கிழமை பெயர் சூட்டு விழா.

விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரம்தான். ஆனால் அம்மாவுக்கு மூன்று வாரம் முன்பு செவிப்பறையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆறு வாரம் விமானம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரயிலில் கடலுக்கடியில் போகலாமா என்று தனியாகக் கேட்டு, போகலாம் என்று பதில் வாங்கிய பிறகுதான் மற்ற பேச்சு தொடங்கியது. அம்மாவுக்கு முழங்கால் வலியும் உண்டு. படி இறங்குவது அவருக்குப் பெரிய சோதனை.

நான் அந்தக் குடும்பத்தின் நண்பன். இந்தத் தடத்தில் பலமுறை போய் வந்தவன் என்பதால் திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கூடப் போகவில்லை. அன்று முழுக்கத் தொலைபேசியில் இருந்தேன். டிக்கெட்டுகள், அன்றைய செய்திப் பரிமாற்றம், பிறகு அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் வைத்து, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். எந்த வண்டி மலிவு, எது வேகம் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. நடுவழியில் மாட்டிக்கொண்டால் எந்த ஊரில் மாட்டிக்கொள்வது நல்லது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

லண்டனுக்கும் பெர்லினுக்கும் நேர் வண்டி கிடையாது. வழக்கமான வழி மூன்று கட்டம். லண்டன் செயின்ட் பான்க்ராஸிலிருந்து பிரசல்ஸுக்கு யூரோஸ்டார் என்ற அதிவேக வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். பிரசல்ஸிலிருந்து லியேஜ், ஆகன் வழியாகக் கொலோனுக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. கொலோனிலிருந்து ஹாம், ஹனோவர் வழியாகப் பெர்லினுக்கு நாலரை மணி நேரம் வரை. நடுவில் காத்திருக்கும் நேரம் தனி. கடிகாரத்திலும் ஒரு மணி நேரம் போய்விடும், பிரசல்ஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி முன்னால் இருப்பதால்.

முதல் திட்டமும் அதை மாற்றியதும்

மகள் ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பயணம். மூன்று வண்டிக்கும் மூன்று தனி டிக்கெட், ஒவ்வொன்றும் எங்கே மலிவோ அங்கே. பிரசல்ஸில் வண்டி மாற 20 நிமிடம். கணினித் திரையில் பார்க்க அழகாக இருந்தது.

நான் முதலில் மாற்றச் சொன்னது பயண நாளை. சனிக்கிழமை விழாவுக்கு வெள்ளி இரவு போய்ச் சேர்வதென்றால், ஒரு வண்டி கெட்டாலும் விழாவே கெடும். பையனுக்கு அரைப்பருவ விடுமுறை வாரம் என்பதால் வியாழக்கிழமைக்கு மாற்றுவதில் சிக்கல் இல்லை.

இரண்டாவது, டிக்கெட். தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு டிக்கெட்டும் தனி ஒப்பந்தம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குச் சட்டப்படி அதில் பொறுப்பு இல்லை. அதிவேக வண்டி நிறுவனங்கள் தங்களுக்குள் ரயில்டீம் என்ற கூட்டணி வைத்திருக்கின்றன. இணைப்பு தவறினால், இடம் இருந்தால், அடுத்த வண்டியில் ஏற விடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் ஒரு வயதானவரின் பயணத்தை அதை மட்டும் நம்பி அமைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் பிரசல்ஸ் முதல் பெர்லின் வரை ஒரே டிக்கெட்டாக வாங்கினோம். மூன்று பேருக்கும் சேர்த்து 40 யூரோ போலக் கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணி உரிமைச் சட்டம், 2023 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வடிவம், ஒரே டிக்கெட்டில் வரும் பயணியை முடிவிடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமையை நிறுவனத்தின் மேல் வைக்கிறது.

லண்டன்–பிரசல்ஸ் டிக்கெட் தனியாகத்தான் இருந்தது. ஆகவே பொறுப்பு நம்முடையதாக இருக்கும் அந்த ஒரு இடத்தில் இடைவெளியைப் பெரிதாக்கினோம். 20 நிமிடத்தை இரண்டே கால் மணி நேரமாக மாற்றினோம்.

இரவு வண்டியையும் யோசித்தோம். பிரசல்ஸிலிருந்து பெர்லினுக்கு 2023 மே முதல் யூரோப்பியன் ஸ்லீப்பர் ஓடுகிறது. அப்போது திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் கிளம்பியது. வெள்ளி வண்டி விழா நாள் காலையில்தான் போய்ச் சேரும். புதனன்று மகளுக்கு வேலை. அதோடு அது கழிந்தது.

ஆவணமும் சாப்பாடும்

மகளும் பையனும் பிரிட்டிஷ் குடிமக்கள். அம்மாவிடம் இந்திய பாஸ்போர்ட். பிரிட்டனில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தாலும் ஷெங்கன் விசா (தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தேவை. முக்கியமாகத் தங்கும் நாடு ஜெர்மனி என்பதால் ஜெர்மன் விசா. ஆனால் பாஸ்போர்ட்டில் அப்போது நுழைவு முத்திரை குத்தியது பிரெஞ்சு எல்லைக் காவல், அதுவும் லண்டன் ரயில் நிலையத்துக்குள்ளேயே. வண்டி போவதோ பெல்ஜியத்துக்கு. ஒரே வரிசையில் மூன்று நாடுகளும் வந்து நின்றால் யாருக்கும் தடுமாற்றம் வரும். பெர்லின் அழைப்புக் கடிதம், கொலோன் வழியாகப் போகும் டிக்கெட், திரும்பும் டிக்கெட் மூன்றையும் அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வைக்கச் சொன்னேன். அங்கே கேட்டார்கள், எடுத்துக் காட்டினார், ஒரு நிமிடத்தில் முடிந்தது.

சாப்பாட்டில் அம்மா தயிர் சாதம் கட்டுவதாக இருந்தார். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, அங்கிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கையில் கொண்டுவரக் கூடாது. "தயிர்ல கூடவா தம்பி எல்லை?" என்றார். அதற்குப் பதிலாகப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் போயின.

முழங்காலுக்காக நிலையங்களில் உதவியாள் கேட்டுப் பதிவு செய்தோம். குறைந்தது 24 மணி நேரம் முன்பு சொன்னால் போதும் என்பது விதி. பிரசல்ஸ், கொலோன், பெர்லின் மூன்றுக்கும் உறுதி வந்தது.

பயண நாள்: லண்டன் முதல் லியேஜ் வரை

காலை ஒன்பது மணி வண்டிக்கு ஏழரைக்கே நிலையத்தில் இருந்தார்கள். கிளம்புவதற்கு 30 நிமிடம் முன் நுழைவாயில் மூடிவிடும் என்பதால் இது அதிகமில்லை. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் 50 கிலோமீட்டர் நீளம். அதில் 38 கிலோமீட்டர் வரை கடலுக்கடியில். உள்ளே இருந்த இருபது நிமிடம் பையன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். அம்மாவுக்குக் காது ஒருமுறை அடைத்தது போல இருந்து, எச்சில் விழுங்கியதும் சரியாகிவிட்டது.

பிரசல்ஸ் நிலையத்தில் வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. உதவியாள் வந்தார். இரண்டே கால் மணி நேரம் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கொஞ்சம் கண் மூடினார். அந்தக் காத்திருப்பு வீண் என்று மகள் முதலில் நினைத்ததாகப் பிறகு சொன்னார். அன்று அம்மாவுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

இங்கே ஒரு சின்ன குழப்பம். நிலையத்தின் பெயர் பிரெஞ்சில் மிடி, டச்சில் சௌட், ஜெர்மன் டிக்கெட்டில் ஸூட். மூன்றும் ஒரே இடம், மூன்றுக்கும் பொருள் 'தெற்கு'. நான் முன்பே சொல்லியிருந்ததால் இது தொல்லையாகவில்லை. ஊர்ப் பெயர்களைச் சொல்ல மறந்தேன். அது பின்னால் வந்தது.

நடுவழியில் நின்றது

இரண்டரை மணி வாக்கில் கிளம்பிய வண்டி லியேஜைத் தாண்டி, ஜெர்மன் எல்லைக்கு முன்னால் நின்றது. தண்டவாளத்தில் ஆட்கள் நடமாட்டம், காவல்துறை பார்க்கிறது என்று அறிவித்தார்கள். இதில் ரயில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 70 நிமிடம் நின்றது. அப்புறம், வண்டி கொலோன் வரை போகாது, அடுத்த நிலையத்தோடு முடிகிறது என்றார்கள்.

அப்போது மகளிடமிருந்து செய்தி: "அண்ணா, எக்ஸ்-லா-ஷபெல்னு ஏதோ ஊர்ல இறக்கி விடறாங்களாம். நம்ம டிக்கெட்ல அந்தப் பேரே இல்ல. வேற பாதையில போறாங்களா?"

வேறு பாதை இல்லை. ஆகன் நகரின் பிரெஞ்சுப் பெயர் அது. லியேஜை டச்சில் லாயிக் என்றும் ஜெர்மனில் லூட்டிஷ் என்றும் சொல்வார்கள். எல்லையோரத்தில் எந்த மொழியில் முதலில் அறிவிப்பு வருகிறதோ அந்தப் பெயர்தான் காதில் விழும். ஏற்கெனவே பதறிப் போயிருக்கும் ஒருவருக்கு, தெரியாத ஊர்ப் பெயர் பாதி தைரியத்தை எடுத்துவிடும். ஒரு தாளில் நான்கு ஊர், மூன்று மொழி என்று எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். என் தவறு.

ஆகனில் எடுத்த முடிவு

ஐந்து மணிக்குச் சற்று முன் ஆகனில் இறங்கினார்கள். நடைமேடையில் ஜெர்மன் காவலர்கள் பாஸ்போர்ட் பார்த்தார்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் இந்தச் சோதனையை வைத்திருக்கிறது. ஷெங்கனுக்குள் ஆயிற்றே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கைப்பையிலேயே இருந்தது.

மூன்று வழி இருந்தது. அடுத்த அதிவேக வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பது, 20 நிமிடத்தில் வரும் ஆர்இ1 வட்டார வண்டியில் கொலோன் போவது, ஆகனிலேயே தங்கிவிடுவது. வட்டார வண்டியில் போகச் சொன்னேன். கொலோன் பெரிய சந்திப்பு. அங்கிருந்து பெர்லினுக்கு மணிக்கொரு வண்டி, அறைகள், மருந்துக்கடை, விசாரிக்க ஆள், எல்லாம் கிடைக்கும். ஆகனும் நல்ல ஊர்தான். ஆனால் இரவு ஏற ஏற அங்கிருந்து கிளம்பும் வழிகள் குறைந்துகொண்டே போகும்.

அவர்களுடைய டிக்கெட் குறிப்பிட்ட வண்டிகளுக்கு மட்டுமானது. முடிவிடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்துவிட்டால் ஜெர்மனியில் அந்தக் கட்டு நீங்கிவிடும், வேறு வண்டியில் ஏறலாம். இருந்தாலும் விசாரணை மேசையில் கேட்டு, தாமதச் சான்றும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாங்கினார்கள். வட்டார வண்டியில் நின்றுகொண்டுதான் போனார்கள். அம்மாவுக்கு மட்டும் மடக்கு இருக்கை கிடைத்தது.

கொலோனில் எடுத்த முடிவு

ஆறே கால் மணிக்குக் கொலோன். பதிவு செய்த உதவியாள் அங்கே இல்லை. அவர் நான்கே கால் மணிக்கு, வேறு நடைமேடைக்கு, வராத வண்டிக்காக வந்து போயிருப்பார். உதவிப் பதிவு ஆளைத் தொடர்வதில்லை, வண்டியைத் தொடர்கிறது. இது எங்களில் யாருக்கும் முன்பே தோன்றவில்லை.

கைகொடுத்தது பான்ஹோஃப்ஸ்மிஸியோன். ஜெர்மன் நிலையங்களில் தேவாலயங்கள் நடத்தும் உதவி அமைப்பு அது, 1894-ல் பெர்லினில் தொடங்கியது. நீல மேலங்கி போட்ட ஒரு தன்னார்வலர் அம்மா நிற்பதைப் பார்த்து அவராகவே வந்தார், மின்தூக்கி வரை கூட்டிப் போனார், பெட்டியையும் தூக்கினார். அந்த அம்மையாருக்கு இந்தக் குடும்பம் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்த பெர்லின் வண்டி அரை மணி நேரத்தில். இரவு பதினொன்றுக்குப் பிறகு சேரும். நான் தங்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முழுசாகக் கையில் இருந்தது; அதற்காகத்தானே பயண நாளையே மாற்றினோம்? மகளுக்குத் தயக்கம். அன்றே போக வண்டி இருப்பதால் அறைச் செலவை நிறுவனம் ஏற்காது, சொந்தப் பணம்தான். தேடிப் பார்த்த அறைகளின் விலையும் கூடுதலாக இருந்தது. கடைசியில் அம்மா தொலைபேசியை வாங்கினார். "தம்பி, இன்னைக்கே போயிடலாம். பேத்தி முகத்தைப் பார்த்தா வலி தெரியாது."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

விலை ஏன் கூடியிருந்தது, வண்டி ஏன் நிரம்பி வழிந்தது என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. அன்று ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. ஈஸ்டருக்குப் பின் வரும் இது எப்போதும் வியாழக்கிழமை; ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் அரசு விடுமுறை. வெள்ளிக்கும் விடுப்பு எடுத்தால் நான்கு நாள் சேர்ந்துவிடும், பாதி நாடு பயணத்தில் இருக்கும். இங்கிலாந்தில் அது வேலை நாள். நாங்கள் பார்த்தது இங்கிலாந்து நாள்காட்டியை மட்டும்.

ஹாமும் அதன் பிறகும்

முன்பதிவு செய்த இருக்கைகள் போன வண்டியோடு போய்விட்டன. ஒரே டிக்கெட் என்பது ஏறும் உரிமையைக் காப்பாற்றியது. உட்காரும் இடத்தைக் காப்பாற்றவில்லை. அம்மா உட்கார்ந்த இடத்துக்கு வூப்பர்டாலில் உரியவர் வந்தார், அம்மா எழுந்தார். இன்னோர் இடம், அங்கும் அதே. மூன்றாவது முறை ஓர் இளைஞன் தன் இருக்கையைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றான்.

ஹாமில் ரூர் பகுதி வழியாக வரும் இன்னொரு பாதி வண்டியை இதனோடு இணைத்தார்கள். அந்தப் பாதியில் இடம் இருக்கிறது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே உள்ளே நடக்க வழி கிடையாது. நடைமேடையில் இறங்கி ஓடித்தான் ஏற வேண்டும். மகள் வேண்டாம் என்று முடிவு செய்தார். அன்று எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்று நினைக்கிறேன். ஏறுவதற்குள் கதவு மூடியிருந்தால் மூன்று பேரும் இரண்டு இடத்தில் ஆகியிருப்பார்கள். ஹனோவரில் கூட்டம் குறைந்து மூவருக்கும் இடம் கிடைத்தது.

பெர்லின் முதன்மை நிலையம் 2006-ல் திறந்தது. மேல்தளத்தில் கிழக்கு மேற்காகவும், அடித்தளத்தில் வடக்கு தெற்காகவும் வண்டிகள் ஓடும். இவர்கள் மேல்தளத்தில் இறங்கினார்கள். இளைய மருமகன் அடித்தளத்தில் காத்திருந்தார். ஒருவரையொருவர் கண்டுபிடிக்க இருபது நிமிடம். வீடு சேரும்போது பன்னிரண்டரை.

பின் விளைவு

வெள்ளிக்கிழமை அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. நாள் முழுக்கப் படுக்கையும் ஐஸ் ஒத்தடமும்தான். முன்கூட்டியே வைத்திருந்த அந்த ஒரு நாள் அதற்குப் போனது. சனிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடி குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொன்னார். லண்டன் திரும்பிய பிறகு காதைப் பரிசோதித்தார்கள், பாதிப்பு இல்லை.

இழப்பீட்டுக்கும் விண்ணப்பித்தோம். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். சேருமிடத்தில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 25 சதவீதம், இரண்டு மணிக்கு 50 சதவீதம் என்பது பொது விதி. தண்டவாளத்தில் வெளியாட்கள், கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது என்று 2023-ல் விதி மாறியது. பதிலும் அப்படியே வந்தது. இருக்கை முன்பதிவுக் கட்டணம் மட்டும் திரும்பியது. காரணம் எதுவானாலும் மாற்று வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை மட்டும் மாறாது, அதை அவர்கள் செய்தார்கள்.

மாற்ற வேண்டியவை

வியாழக்கிழமை, ஒரே டிக்கெட், பிரசல்ஸின் நீண்ட இடைவெளி இந்த மூன்றையும் மறுபடியும் அப்படியே செய்வேன். மற்றதில் பலவற்றை மாற்றுவேன்.

போகும் வழியிலுள்ள எல்லா நாடுகளின் விடுமுறைகளையும் பார்த்த பிறகே நாள் குறிப்பேன். வண்டி மாறினால் உதவிப் பதிவையும் அப்போதே மாற்றச் சொல்லி விசாரணை மேசையில் கேட்க வைப்பேன். ஆகனில் பதினைந்து நிமிடம் இருந்தது, கேட்டிருக்கலாம். ஊர்ப் பெயர்த் தாள். வரவேற்க வருபவருக்கு வண்டி எண்ணோடு தளமும் நடைமேடையும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முகப்படமும் கைரேகையும் பதியும் புதிய முறை தொடங்கியிருப்பதால், லண்டனில் இன்னும் கொஞ்சம் முன்னதாக.

இவை சின்னத் திருத்தங்கள். பெரிய தவறு வேறு. இந்தப் பயணத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை. முடியும் என்பதால் நான் அப்படிப் போட்டேன். முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு கொலோனில் ஓர் இரவு திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும். முன்பே பதிவு செய்த அறை இருந்திருந்தால், ஆறே கால் மணிக்குக் கொலோனில் இறங்கியவருக்கு அது தாமதமாகவே தெரிந்திருக்காது. நேராக அறைக்குப் போய்ப் படுத்திருப்பார்.

திரும்பி வந்த வழி

திரும்பும் டிக்கெட்டை மாற்றினோம். பையனின் பள்ளியில் திங்கள்கிழமை ஆசிரியர் பயிற்சி நாள், மாணவர்களுக்கு விடுமுறை. ஞாயிறு மதியம் பெர்லினில் கிளம்பி மாலை கொலோனில் இறங்கினார்கள். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அறை, மின்தூக்கி உண்டா என்று கேட்டுப் பதிவு செய்தது. நிலையத்துக்கு எதிரிலேயே கதீட்ரல். 157 மீட்டர் உயரக் கோபுரங்கள். இருட்டும் வரை அம்மா அந்த முற்றத்தில் பையனோடு உட்கார்ந்திருந்தார்.

திங்கள் காலை பிரசல்ஸ் வண்டி கால் மணி நேரம் தாமதம். பிரசல்ஸில் இரண்டரை மணி நேர இடைவெளி வைத்திருந்ததால் மகள் எனக்கு அதைச் சொல்லக்கூட இல்லை; டிக்கெட்டைப் பார்க்கும்போது நானே கவனித்தேன். மாலை லண்டன் சேர்ந்தார்கள். அன்று இரவு ஐஸ் ஒத்தடம் தேவைப்படவில்லை.